தீவக நோயாளரும் இறங்குதுறையும்

ஓர் ஊரில் வைத்தியசாலை உண்டு என்பது வேறு. அவ்வூரார் சிகிச்சையை அடைய வல்லர் என்பது வேறு. வேலணைக்கும் ஊர்காவற்றுறைக்கும் பண்ணைத் தாம்போதி வழியே வண்டி செல்லும். நெடுந்தீவுக்கோ தரைவழி இல்லை. அங்குள்ள வைத்தியசாலையில் இயலாத சிகிச்சையை வேண்டுவோர், குறிகட்டுவான் வரை ஏறத்தாழ ஒரு மணிநேரம் படகில் வந்து, பின்னும் யாழ்ப்பாணம் செல்லல் வேண்டும்.

நடக்க வல்லார்க்கு இது வெறும் பயணம். சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ, அலையில் ஏறித் தாழும் படகுக்கும் துறைக்கும் இடைப்பட்ட ஒரு முழமே பெருங்கடல். சோளகக் காலத்தில் தூக்கி இறக்குவோரும் தயங்குவர். யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கப்பெற்ற ஜெய்ப்பூர் நிலையத்திற் செயற்கைக் கால் பெறலாம். ஆனால் கால் ஒருமுறை பெற்றதோடு காரியம் முடிவதன்று. அது தேயும், தளரும். பிள்ளை வளர வளர மாற்றவும் வேண்டும். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு முழத்தைக் கடந்தாதல் வேண்டும்.

பொதுமக்கள் புகும் கட்டடங்களும் இடங்களும் உடற்குறையுடையோர்க்கும் உரியன என்பது 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். துறையும் பொது இடமே அன்றோ? வைத்தியசாலை வாயிலிற் சாய்தளம் அமைத்தல் நன்றே. எனினும் தீவகத்தார்க்கு அவ்வாயில் இறங்குதுறையிலேயே தொடங்குகின்றது. அலையோடு ஏறி இறங்கும் மிதவைத் துறையும், கைப்பிடியுள்ள அகன்ற பலகையும் அரிய பொருள்கள் அல்ல. அவற்றினும் எளியது, செயற்கைக் கால் வல்லுநரும் இயன்மருத்துவரும் குறித்த நாளில் மாதந்தோறும் தீவுக்குச் செல்லுதல். நோயாளர் பதின்மர் துணையாட்களோடு கடல் கடப்பதினும், இவ்விருவர் கடத்தல் செலவிலும் குறைவு, இடரிலும் குறைவு.