நாய்களுக்கு உண்டாகும் மலச்சிக்கல்: தீவுப் பகுதியினர் அறியவேண்டியவை

வளவையும் ஆட்டுப்பட்டியையும் காக்கும் நாய் மலங்கழிக்க இயலாது முக்கும்போது, வீட்டார் இரக்கத்தினால் கையிற் கிடைத்த மருந்தைக் கொடுத்துவிடுதல் உண்டு. பெரும்பாலான நாய்களுக்குத் தண்ணீரும் உணவு மாற்றமுமே போதும். சில நாய்களுக்கோ மிருக வைத்தியரின் உதவி உடனே வேண்டும். நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவான் துறையை அடையப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்லும்; கடல் கொந்தளிக்கும் நாட்களிற் படகோட்டம் தடைப்படுதலும் உண்டு. ஆதலால், வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கது எது, படகேற்ற வேண்டியது எது என்பதைக் காலத்தோடு அறிதல் அவசியம்.

காரணங்கள்

சுகமாயுள்ள நாய் பெரும்பாலும் நாள்தோறும் ஒன்று அல்லது இரண்டு முறை மலங்கழிக்கும். எலும்பு தின்ற நாயின் மலம் பெருங்குடலில் இறுகிச் சுண்ணாம்புக் கட்டி போலாகும். உடலில் நீர் குறையும்போது குடலானது மலத்திலுள்ள நீரையும் உறிஞ்சிக் கொள்ளும். கோடையிற் கிணற்று நீர் உவர்க்கும் இடங்களில் நாய் போதியளவு குடியாமல் விடலாம். காயடிக்கப்படாத முதிய ஆண் நாய்களில், சிறுநீர்ப்பையின் அருகேயுள்ள சுரப்பி பருத்து மலக்குடலை நெருக்குதலும் உண்டு.

செய்யத்தக்கவை

நாய் உற்சாகமாயிருந்து உணவும் உண்ணுமாயின் பின்வருவனவற்றைச் செய்யலாம். மனிதர் குடிக்கும் நன்னீரை நிழலில் வைத்து, காலையும் மாலையும் மாற்றுக. எலும்பை அறவே நிறுத்துக. சோற்றையும் முள் நீக்கிய அவித்த மீனையும் குழையப் பிசைந்து, இளஞ்சூடான நீர் கலந்து கொடுக்குக. உப்பு, மிளகாய், வெங்காயம் சேராது அவித்து மசித்த பூசணியைச் சிறிய நாய்க்கு 1 மேசைக்கரண்டியும் பெரிய நாய்க்கு 3 மேசைக்கரண்டியும் உணவுடன் சேர்க்கலாம். இரு வேளையும் நடக்கவிடுதல் குடலை இயங்கச் செய்யும்.

செய்யத்தகாதவை

ஆமணக்கெண்ணெயும் மனிதருக்குரிய பேதி மருந்துகளும் கொடுக்கலாகாது. பலவந்தமாக வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலில் இறங்கி உயிருக்கே கேடு செய்யலாம். பிள்ளைகளுக்கு ஊறவைத்துக் கொடுக்கும் முந்திரிகை வற்றல் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கவல்லது. மலவாயிலிற் சவர்க்காரத் துண்டு, குச்சி முதலியவற்றை நுழைத்தலும், மனிதருக்குரிய எனிமாவை ஏற்றுதலும் ஆபத்தானவை. தூண்டில் நூல் மலவாயிலில் தொங்கினும் இழுக்கலாகாது. அது குடலை அறுத்துவிடும்.

தாமதிக்கலாகாத அறிகுறிகள்

இரண்டு நாட்களாக மலங்கழியாதிருப்பின் மிருக வைத்தியரிடம் காட்டுக. வாந்தி, வயிற்று உப்பல், இரத்தம், உணவு மறுத்தல், மிகுந்த சோர்வு ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், தூண்டிலோ நூலோ விழுங்கியதாக ஐயம் எழுந்தாலும், இரண்டு நாள் காத்திராது அன்றைய படகிலேயே கொண்டுசெல்க. முக்கும் நாய் சிறுநீர் கழிக்கின்றதா என்பதை முதலிற் கவனிக்க வேண்டும். சிறுநீர் அடைப்பும் பார்வைக்கு மலச்சிக்கல் போலவே தோன்றும். அது விரைவில் உயிரைப் போக்கும். இறுதியாக மலமும் சிறுநீரும் கழித்த வேளை, உண்ட உணவு, வாந்தி எடுத்த முறை ஆகியவற்றைக் குறித்து வைத்தியரிடம் கூறுக.

சமையலில் மிஞ்சும் எலும்பை மூடியுள்ள பாத்திரத்தில் இட்டு அகற்றுவதும், நாயின் சட்டியில் நன்னீர் என்றும் இருக்கச் செய்வதும் இந்நோய் வராது காக்கும் எளிய வழிகளாம்.