நாணயத்தை எப்படி அறிவது?

டுரியான் காலத்தில் பழக்கடை முன்னே நிற்காதவர் நம்மில் யார்? கடைக்காரர் பழத்தைத் தட்டிப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், பிறகு கத்தியால் தோலில் முக்கோணமாகக் கீறிச் சுளையைக் காட்டுவார். வாங்க வந்தவர் பார்த்துவிட்டு வேண்டாமென்று போய்விடலாம். கீறிய பழத்தை அப்புறம் நல்ல விலைக்கு விற்க முடியாது. நஷ்டம் கடைக்காரர் தலையில். தெரிந்தேதான் அவர் கீறுகிறார். "நல்ல பழம்" என்று வாயால் சொல்லக் காசு செலவில்லை. சொத்தைப் பழம் விற்பவனும் அதையேதான் சொல்வான். ஆனால் பத்துக்கு எட்டுச் சொத்தை வைத்திருப்பவன் கீறிக் காட்டிப் பிழைக்க முடியாது. ஆகவேதான் கீறலை நம்புகிறோம்.

இந்தச் சிறு விஷயத்தை வைத்து மேல்நாட்டில் ஒரு சாஸ்திரமே எழுந்திருக்கிறது. ஒருவருடைய லாப நஷ்டம் மற்றவர் என்ன செய்வார் என்பதையும் பொறுத்திருக்கும்போது இருவரும் எப்படி நடப்பார்கள் என்று கணக்குப் பார்ப்பதற்கு ஆட்டக் கோட்பாடு என்று பெயர். 1944-ல் நாய்மன், மார்கன்ஸ்டெர்ன் என்ற இருவர் வெளியிட்ட நூலிலிருந்து அது வளர்ந்தது. பெயரைக் கேட்டுச் சூதாட்ட வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். நம் கல்லாப்பெட்டிச் சங்கதிதான்.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கர் பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நான் அதை மிளகுக்கு மாற்றிச் சொல்கிறேன். சுத்த மிளகு கிலோ 40 வெள்ளி பெறும், பப்பாளி விதை கலந்தது 20 வெள்ளி பெறும் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். எது எதுவென்று தெரியாத வாடிக்கைக்காரர் நடுவாக 30 வெள்ளிக்கு மேல் கொடுக்கமாட்டார். 35 வெள்ளி அடக்கமான நல்ல மிளகை அந்த விலைக்கு விற்க முடியாதவர் அந்தச் சரக்கையே விட்டுவிடுவார். மிஞ்சுவது கலப்படம். ஜனங்களுக்கு அது தெரிந்தபின் 30 வெள்ளியும் கிடைக்காது. ஆக, கலப்படக்காரன் தன் கடையை மட்டுமல்ல, கடைத்தெருவையே கெடுக்கிறான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த சம்பவம் மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரியும். விரல்களில் ஈரம் பட்டது. மழை நனைத்துவிட்டது என்றார் விற்பவர். ஜனங்கள் பார்க்கும்படி ஈரத்தை மேலே போட்டிருக்கலாமே என்று கேட்டு, கடுமையாக எச்சரித்தார்கள். வாங்குபவர் அறியாததை விற்பவர் அறிந்திருக்கும் இடத்தில்தான் மோசடி நுழைகிறது. பின்னால் வெளிப்பட்ட குறைக்காகச் சரக்கைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை பிக்ஹு நூல்கள் வாங்கியவருக்குத் தருவதும் இதனால்தான்.

1973-ல் மைக்கேல் ஸ்பென்ஸ் என்பவர், வேலை தேடுவோர் காட்டும் படிப்பை வைத்து இன்னொன்றைச் சொன்னார். ஓர் அடையாளம் நம்பத்தக்கதாக இருக்கவேண்டுமானால், அதைக் காட்டுவது நல்லவருக்குச் சுலபமாகவும் போலிக்குக் கஷ்டமாகவும் இருக்கவேண்டும். இவருக்கும் அகர்லாஃபுக்கும் ஸ்டிக்லிட்ஸ் என்பவருக்கும் சேர்த்து 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதைப் படிக்குமுன்பே எனக்குப் பாடம் கிடைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒருவர் கடைக்கு வந்தார். நல்ல கார், கையில் தஸ்பீஹ், ஸலாத்தில் குறைவில்லை. விருந்துச் சமையல் எடுத்து நடத்துவதாகச் சொன்னார். முதல் பில் 300 வெள்ளி; ஒரே வாரத்தில் கட்டினார். அடுத்தது 700; அதுவும் வந்தது. மூன்றாவதாக 6,200 வெள்ளிக்கு அரிசியும் நெய்யும் ஏற்றிக்கொண்டு போனார். போனவர் போனவர்தான்.

ஒருவருக்காகச் சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்டதாக ஆலிம்கள் பயானில் சொல்வார்கள்: இவருக்கு நீர் அண்டை வீட்டாரா? இவரோடு பிரயாணம் போனீரா? தீனார், திர்ஹம் கொடுக்கல் வாங்கல் செய்தீரா? மூன்றுக்கும் இல்லையென்றார் வந்தவர். அப்படியானால் பள்ளிவாசலில் தொழக் கண்டிருப்பீர், இவரை உமக்குத் தெரியாது என்றார்களாம். நான் தஸ்பீஹைப் பார்த்தேன்.

ஆனால் இரண்டு தடவை ஒழுங்காகக் கட்டினாரே என்று கேட்பீர்கள். அதற்கும் விடை இருக்கிறது. ராபர்ட் ஆக்ஸல்ராட் என்ற பேராசிரியர் கம்ப்யூட்டரில் ஒரு போட்டி நடத்தி 1980-ல் முடிவை வெளியிட்டார். இருவர் திரும்பத் திரும்பச் சந்திக்கிறார்கள்; ஒவ்வொரு தடவையும் ஒத்துப்போகலாம், அல்லது ஏமாற்றலாம். முதல் போட்டிக்கு 14 பேரும் இரண்டாவதற்கு 62 பேரும் ஆட்டமுறை அனுப்பினார்கள். இரண்டிலும் ஜெயித்தது அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய முறைதான். முதலில் நல்லபடி நட. பிறகு அவன் செய்ததையே நீ செய். அவன் திருந்தினால் நீயும் உடனே பழையபடி நட. அவ்வளவே. ஆனால் மறுபடி சந்திப்போம் என்றிருந்தால்தான் இது பலிக்கும். இதுவே கடைசிச் சந்திப்பு என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், முன்னே கட்டிய ஆயிரம் வெள்ளி அவன் போட்ட முதல். ஆறாயிரம் அவன் லாபம். கேட்கும் கடன் திடீரென்று பல மடங்கு ஏறும்போது நான் விழித்திருக்கவேண்டும்.

அந்த முறையிலும் ஒரு கோளாறு உண்டு. கை தவறி நேர்ந்த தப்பையும் அது துரோகமென்று எண்ணிப் பதிலடி கொடுத்துவிடும். பிறகு இருவரும் மாறிமாறிக் கெடுத்துக்கொள்வார்கள். ஆகவே தப்பு நேரக்கூடிய இடத்தில் சில சமயம் விட்டுக்கொடுப்பதே அதிக லாபமென்று பின்னால் வந்தவர்கள் கணக்கிட்டார்கள். கஷ்டப்படும் கடனாளிக்கு வசதி வரும்வரை தவணை கொடுக்கும்படி சூரத்துல் பகராவின் 280-ஆம் ஆயத்து சொல்லுவதை நாம் ஓதத்தான் செய்கிறோம்.

அந்த மனிதர் கம்பிநீட்டிய அதே மாதம், கூட்டிப் பெருக்கும் வேலை செய்யும் ஓர் அம்மா தம் 555 கணக்குப் புத்தகத்தோடு கடைக்கு வந்தார். சம்பளம் தாமதம், பாதிதான் இப்போது முடியும், மீதி அடுத்த மாதம் என்றார். வராமலே இருந்திருக்கலாம், நாலு பேர் நிற்கும் கடையில் வந்து சொல்ல எவ்வளவு கூச்சப்பட்டிருப்பார்! காரும் தஸ்பீஹும் காட்டாத அடையாளம் அது. நான் இருந்த எரிச்சலில், பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டு வாங்க என்று புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளினேன்.

அடுத்த மாதம் மீதி 85 வெள்ளியையும் கொண்டுவந்து வைத்தார். அதன்பின் வரவில்லை. இப்போது பின்தெருக் கடையில் வாங்குகிறார். அந்தக் கடைக்காரரிடம் ஒருநாள் பேச்சுவாக்கில் விசாரித்தேன். ஒரு மாதமும் பாக்கி நின்றதில்லை என்றார்.