ரேங்க் பட்டியல் வரட்டும்

அன்புள்ள கயல்,

நேற்று ராத்திரி உன் அம்மா போனில் பேசினாள். பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, நடுச்சாமம் வரைக்கும் போன வருஷப் பொறியியல் கட்-ஆஃப் பட்டியலையே தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாள் என்றாள். ரேண்டம் எண் சின்னதாக விழுந்துவிட்டது என்று அழுதாயாமே. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னாள். உன் அப்பா ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முன்பணம் கட்டப் போகிறானாம். அதற்காக வளையலை எடுத்துக்கொண்டு பேங்குக்குக் கிளம்புகிறானாம். அதற்குமேல் பெரியப்பாவுக்குத் தூக்கம் வரவில்லை. உன்னைக் கோபித்துக்கொள்ள இதை எழுதவில்லை. உன் அப்பாவிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

முதலில் அந்த ரேண்டம் எண். அது பிள்ளைகளுடைய தலைவிதியை எழுதும் எண் இல்லை. ஒரே கட்-ஆஃப் எடுத்த இரண்டு பேரில் யார் முன்னே என்று பார்க்கும்போது கணக்கு மதிப்பெண்ணை முதலில் பார்ப்பார்கள், அடுத்து இயற்பியலை. அதிலும் சமம் என்றால் நான்காவது பாடம், ப்ளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு, பிறந்த தேதி என்று வரிசையாகப் போகும். இத்தனையும் ஒன்றாகவே இருந்தால்தான் ரேண்டம் எண்ணுக்கு வேலை. அந்த இடம் வரைக்கும் வருகிறவர்கள் மிகச் சிலர். அதற்காகக் கயல் சோற்றைத் தள்ளிவைத்தது நியாயமே இல்லை.

கட்-ஆஃபும் அப்படித்தான். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. கணக்குத் தாள் சுலபமாக வந்த வருஷம் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் பெருகிவிடுவார்கள்; போன வருஷம் ஒரு மதிப்பெண்ணுக்குக் கிடைத்த சீட் இந்த வருஷம் அதே மதிப்பெண்ணுக்குக் கிடைக்காமல் போகலாம். தாள் கடினமாக வந்தால் தலைகீழாகவும் ஆகலாம். ஒப்பிட வேண்டியது மதிப்பெண்ணை இல்லை, ரேங்க்கை. போன வருஷம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவு, எந்த இட ஒதுக்கீட்டில் எந்த ரேங்க்கோடு முடிந்தது என்று பார்த்தால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும். ஆனால் கயலின் ரேங்க் இன்னும் வரவே இல்லை. வராத எண்ணை வைத்துக்கொண்டு நடுச்சாமத்தில் எதைத்தான் ஒப்பிடுவது?

மே மாதம் ரிசல்ட், பிறகு விண்ணப்பம், ரேண்டம் எண், சான்றிதழ் சரிபார்ப்பு, அதற்குப் பிறகு ரேங்க் பட்டியல், அதற்கும் பிறகுதான் கலந்தாய்வு. இத்தனை வார இடைவெளியில்தான் வியாபாரம் நடக்கிறது. ‘இன்னும் கொஞ்சம் சீட்தான் இருக்கிறது, இன்றைக்கே கட்டினால்தான்’ என்று போன் வருகிறதே, அது ரேங்க் பட்டியலுக்கு முன்னால் மட்டும் ஏன் இத்தனை அவசரமாக வருகிறது என்று யோசித்துப் பார். பிள்ளைக்கு எங்கே இடம் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பயம் செல்லாது. தெரியாத நாட்களில்தான் பயத்துக்கு விலை.

அந்த விலையை நம் வீடு ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கிறது. நம் கீழவயல் நிலம் எந்த வருஷம், யாருக்காக, எந்தக் கல்லூரி வாசலில் போயிற்று என்று உன் அப்பாவுக்குத் தெரியும். தாத்தா அதற்குப் பிறகு அந்தப் பக்கம் நடக்கவே இல்லை. கல்லூரிப் பெயரை நான் எழுதப் போவதில்லை. அன்று யாருக்காக அது போயிற்றோ அந்தப் பிள்ளையே இன்று தன் பிள்ளைக்காக வளையலைத் துணியில் முடிகிறான் என்றால் பெரியப்பா எப்படிச் சும்மா இருப்பது?

இந்தச் சேர்க்கையின் பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் என்னால் நிறுத்த முடியாது, உனக்கும் தெரியும். 1984-ல் தமிழ்நாட்டில் தொழிற்கல்விக்கு நுழைவுத்தேர்வு வந்தது. அதே வருஷம்தான் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் கதவு திறந்தது. அடுத்தடுத்த வருஷங்களில் ப்ளஸ் டூ முடித்த கிராமத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளை நினைத்துப் பார். பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை நெட்டுருப் போட்டு, பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்து, நான்கு விடையில் சரியானதைக் குறி என்ற தாளை முதன்முதலாகத் தேர்வு அறையில்தான் பார்த்தவர்கள் அவர்கள். நகரத்தில் அதற்கென்று தனிப் பயிற்சி வகுப்புகள் நடந்தன என்பதே பலருக்கு ரிசல்ட் வந்த பிறகுதான் தெரியும். உன் பெரியப்பா அவர்களில் ஒருவன். கணக்கில் வாங்கிய மதிப்பெண் ஒரு பக்கம் இருக்க, சீட் வேறு பக்கம் போயிற்று. பி.எஸ்சி. கணக்கு படித்து வாத்தியார் ஆனேன். வாத்தியார் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தத் தாள் அளந்தது என்ன என்ற கேள்வி இன்னும் ஆறவில்லை.

அந்தத் தேர்வை நீக்குவதற்கு எத்தனை வருஷம் ஆயிற்று, எத்தனை முட்டுக்கட்டை! 2005-ல் அரசு ரத்து செய்தது, நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அடுத்த வருஷம் சட்டமாகவே கொண்டுவந்தார்கள், அதுவும் விழுந்தது. பிறகு அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்து, அதன் அறிக்கையை வைத்துப் புதுச் சட்டம் போட்டு, குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்து, 2007-ல்தான் அது போயிற்று. அந்தச் செய்தியை வகுப்பில் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். அவர்களுக்கு அதன் அருமை அவ்வளவாகப் புரியவில்லை. பின் பெஞ்சில் இருந்த பிள்ளைகளில் சிலர் அடுத்தடுத்து ப்ளஸ் டூ மதிப்பெண்ணை மட்டும் வைத்து அரசுக் கல்லூரிக்குள் போனபோது எனக்குப் புரிந்தது. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் வந்துவிட்டது. பொறியியலில் அந்த வாசல் இன்னும் திறந்தே இருக்கிறது. கயல் நிற்கும் வரிசை சும்மா வந்ததில்லை. அதில் நிற்பதற்குப் பொறுமை இல்லாமல் பக்கத்துக் கதவில் பணம் கட்டிவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

விருப்பப் பட்டியல் போடும் நாள் வந்ததும் ஊரில் ஒரு வதந்தி சுற்றும். கிண்டி பொறியியல் கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காவிட்டால் இரண்டாவதாகப் போட்டதும் கெட்டுப்போகும் என்பார்கள். முழுப் பொய். கணினி ரேங்க் வரிசையில் ஒவ்வொருவராக எடுக்கும். அவர்கள் பட்டியலில் மேலிருந்து கீழே வந்து, காலியாக உள்ள முதல் இடத்தைக் கொடுக்கும். மேலே எட்டாத பத்து இடங்களை எழுதியதால் பதினோராவது இடத்துக்கு ஒரு குறையும் வராது. ஆகவே மனதில் உள்ள வரிசை எதுவோ அதையே போட வேண்டும். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். குறைத்துப் போட்டுவிட்டு ஒன்றுமே கிடைக்காமல் நின்ற பிள்ளைகளைத்தான் வாத்தியாராக நான் பார்த்திருக்கிறேன். நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ள பட்டியலில் ஒரே மாதிரிப் பெயர்கள் நிறைய. பெயரைப் பார்க்காதே, கல்லூரி எண்ணைப் பார். ஒதுக்கீடு வந்த பிறகு ‘அப்வர்டு’ கொடுத்தால், மேலே ஓர் இடம் காலியாகும்போது அங்கே நகர்த்திவிடுவார்கள். பழைய இடம் திரும்ப வராது. அதனால் உண்மையிலேயே வேண்டும் என்கிற இடம் மட்டும்தான் பட்டியலில் மேலே இருக்க வேண்டும்.

கிண்டிதான் கயலின் ஆசை என்பது தெரியும். 1794-ல் எட்டுப் பேரோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. அங்கே இடம் கேட்டுக் காத்திருந்தவர்களில் லலிதாவின் கதை எனக்குப் பிடித்தது. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவை. அந்தக் காலத்தில் அந்தப் பெண்ணுக்கு வீட்டு மூலையைத்தான் காட்டியிருப்பார்கள். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளுக்காக முதல்வர் கே.சி. சாக்கோவிடம் கேட்டார், கல்வித் துறை இயக்குநரின் சம்மதமும் வேண்டியிருந்தது. பெண்களே இல்லாத கல்லூரி. 1940-ல் இடம் கிடைத்தது. நூற்றுக்கணக்கான ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாகப் போய்ச் சேர்ந்தார். அடுத்து லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்று இன்னும் இருவர் வந்தார்கள். இந்த திரேசியாதான் 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனவர். லலிதா பக்ரா நங்கல் அணையின் மின்வேலைகளில் பங்கெடுத்தார், 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்கும் போனார். பிள்ளையை வளர்த்துக்கொண்டே இதெல்லாம்.

ஆனால் கிண்டி மட்டும்தான் கல்லூரியா? செங்கோட்டை உங்களுக்குப் பக்கத்து ஊர். அங்கே பிறந்து அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்த நிகர் ஷாஜி படித்தது திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரியில். கல்லூரி தொடங்கியதே 1981-ல். அவர் சேர்ந்தபோது அதற்குப் பெயரோ பெருமையோ இருந்திருக்காது. 1987-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநராக இருந்தவர் அவர்தான். 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பிய அந்த விண்கலம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்தது. கே. சிவன் கதையும் தெரியும்தானே? நாகர்கோவிலில் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுத்தான் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார். இஸ்ரோவின் தலைவராக உட்கார்ந்தவர் அவர்.

அந்த முன்பணத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கட்டித்தான் ஆக வேண்டும் என்று அப்பா நின்றால், ஒரிஜினல் சான்றிதழை மட்டும் கொடுத்துவிட்டு வரக் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அறிவிப்பின்படி எந்த நிறுவனத்துக்கும் அசல் சான்றிதழைப் பிடித்துவைக்க உரிமை இல்லை. விலகினால் எந்தத் தேதிக்குள் எவ்வளவு திரும்பக் கொடுக்க வேண்டும் என்பதற்கும் அதில் கணக்கு இருக்கிறது. ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. நன்கொடை வாங்குவதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்தாயிற்று என்பதையும் அப்பாவிடம் நீயே சொல்.

முடிவு உன்னுடையது. பெரியப்பா எதையும் திணிக்க மாட்டேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும், எந்தக் கல்லூரியானாலும் சரி என்றால் அதுவும் ஒரு வழிதான். ஆனால் திருநெல்வேலி அரசுக் கல்லூரியில் மின்னணுவியல் கிடைத்தால், ஒரு வருஷக் கட்டணம் அந்தத் தனியார் பல்கலைக்கழகம் கேட்கிற முன்பணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பாளையங்கோட்டையில் நம் வீட்டு மாடி அறை சும்மாதான் கிடக்கிறது. பெரியம்மா ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை வாங்கியும் வைத்துவிட்டாள். இதற்கும் உன் முடிவுக்கும் சம்பந்தமில்லை.

படித்துப் பார்த்தால் ரொம்பவும் வாத்தியாராகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நீ அழக் கூடாது. அப்பாவிடமும் சண்டை போடாதே. அவன் பயம் உன் மேல் உள்ள ஆசை, அவ்வளவுதான். கிண்டி கிடைத்தால் ரயிலில் உன்னோடு பெரியப்பாவும் வருகிறேன். கிடைக்காவிட்டாலும் வருகிறேன், எந்த ஊரானாலும். அந்தத் தனியார் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தாலும் உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக விடுதி வாசலில் நிற்பது நான்தான். பொறியியலே வேண்டாம், தமிழ் இலக்கியம் படிக்கிறேன் என்று சொன்னாலும் சம்மதம், சந்தோஷம்கூட. கடையில் சொல்லி அல்வா அரைக் கிலோ பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள். உன் தம்பிக்கும் கொஞ்சம் கொடு. ரேங்க் பட்டியல் வந்ததும், நடுச்சாமமானாலும் பரவாயில்லை, எனக்கு முதலில் போன் போடு.

அன்புடன்,
பெரியப்பா