வாயால் படிப்பதே நமக்குச் சொத்து



அன்புக்கொடி மக்களே! மார்கழி பிறந்தால் நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியுமுன்னே திருப்பாவை கேட்கும். அவ்வூரில் அவதரித்த ஆண்டாள் பாடிய 30 பாசுரங்களை ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் காத்து வந்தது மக்களின் வாய்தான்.

நம் அகிலத்திரட்டு அம்மானையும் அப்படியே. 1841-ல் அரிகோபாலன் சீடர் ஏட்டில் எழுதியது, 1939-ல்தான் அச்சேறியது. இடைப்பட்ட காலத்தில் ஏட்டைப் படித்தவர் சிலர். கேட்டுக் கேட்டு மனதில் வைத்தவர் பலர். திருவிதாங்கூரில் 1936 வரை கோயிலுக்குள் விடப்படாத மக்களுக்குப் பதியும் தாங்கலும் திறந்திருந்தன. அங்கே படிப்பும் இருந்தது.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலைப் பணிவிடையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒலிபெருக்கியில் உகப்படிப்பு ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்றது, படிப்பும் நின்றது. கூடியிருந்தவர்களில் யாருக்கும் அடுத்த வரி வரவில்லை. பதிவை ஓடவிட்ட எனக்கும் வரவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த, எழுத்தறியாத ஒரு பாட்டியம்மா எடுத்துக் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் சொல்லி முடித்தோம். அன்று வெட்கப்பட்டேன். அதன்பின் எங்கள் தாங்கலில் பதிவு போடுவதில்லை.

வாயால் படிப்பதால் வரும் நன்மைகள்:

1. எழுத்தறியாதவரும் வேதம் அறிந்தவர் ஆகிறார். சொல்லைப் பறிக்க யாராலும் முடியாது.

2. ஒருவர் சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்லும்போது மூச்சு ஒன்றாகிறது. முதலாளி, கூலியாள் என்ற வேறுபாடு அந்த நேரம் நில்லாது.

3. பள்ளியறையில் கண்ணாடி முன் நின்று படிக்கிறோம். படிக்கும் நம் முகமே எதிரே தெரிகிறது. பொறுமையைப் பற்றிப் படித்துவிட்டு வீட்டில் போய்ச் சண்டையிட மனம் கூசும்.

4. தனிமையிலும் நோயிலும் புத்தகமோ கைப்பேசியோ இல்லாமல் கூடவே வரும்.

இராஜபாளையத்தில் மில்லில் ஷிப்டு பார்க்கும் பிள்ளைகள் நேரமில்லை என்கிறார்கள். நாளுக்கு ஒரு வரி போதும், மக்களே. பேருந்தில் வரும்போதே மனதில் ஏற்றலாம். வீட்டில் பெரியவர் இருந்தால் அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். அவர் காலத்திலேயே கேட்டு வைப்பது நம் கடமை.

அய்யா துணை.