கரைக்கு வந்த இணையம்

நுழையும்முன்

கண்ணைக் கவரும் இணையப்பக்கங்கள் எல்லாம் கருத்தைக் கவர்வதில்லை. பயன்படுத்துவோரின் தேவை, மொழி, சூழல் ஆகியவற்றை அறிந்து அமைக்கப்படுவனவே அவர்களைத் தம்பால் ஈர்க்கும். இதற்குப் புதுச்சேரியின் சிற்றூர்கள் சான்றாகின்றன.

கணினியை மனிதர் எவ்வாறு அணுகுகின்றனர், எங்கே தடுமாறுகின்றனர், எதனை விரும்புகின்றனர் என ஆராயும் துறை மனித - கணினி இடைவினை எனப்படும். 1998இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் பன்னாட்டுத் தரநெறி, பயன்பாட்டுத் தகுதிக்கு மூன்று அளவுகோல்களை வகுத்தது. எண்ணிய பணியை முடிக்க இயலுதல், குறைந்த முயற்சியில் முடித்தல், மனநிறைவு அடைதல் என்பன அவை. பயனர், நோக்கம், சூழல் ஆகியவற்றைக் கருதியே இவற்றை அளத்தல் வேண்டும் என்பதும் அதன் கருத்தாகும். எனவே, எல்லார்க்கும் எவ்விடத்தும் பொருந்தும் ஒரே வடிவமைப்பு என ஒன்றில்லை.

அதே ஆண்டில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு சிற்றூர்களில் தகவல் மையங்களை அமைக்கத் தொடங்கியது. மையத்திற்கான இடத்தை ஊரார் அளித்தனர். உள்ளூர்ப் பெண்கள் பலர் கணினி பயின்று மையங்களை நடத்தினர். விளைபொருள் விலை, அரசு நலத்திட்டங்கள், மருத்துவ வசதிகள் முதலிய செய்திகள் தமிழிலேயே கிடைத்தன.

மீனவர் வாழும் வீராம்பட்டினத்தின் தேவையோ வேறு. கடலுக்குச் செல்வோர்க்கு அலையின் உயரம் தெரிதல் வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் அம்முன்னறிவிப்பு இருந்தது. ஆயினும், அது மீனவர்க்கு எட்டாத மொழியில் இருந்தது. படகைக் கடலில் இறக்கும் வேளையில் திரைமுன் அமரவும் அவர்களுக்கு நேரமில்லை. வில்லியனூர் நடுவம் அச்செய்தியைப் பெற்றுத் தமிழாக்கி அனுப்பியது. ஊர் மையம் அதனை ஒலிபெருக்கியில் அறிவித்தது. கண்ணால் காண வேண்டிய இணையம், காதால் கேட்கும் குரலாயிற்று. பயனரின் சூழலே வடிவத்தை முடிவு செய்தது.

இதன் பெருமையை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை உணர்த்தியது. சிங்கப்பூரிலிருந்த நல்லவாட்டு இளைஞர் ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்கை செய்தார். ஊரார் தகவல் மையத்தின் ஒலிபெருக்கி வழியே அதனை அறிவித்தனர். நாள்தோறும் கேட்டுப் பழகிய ஒலிபெருக்கியன்றோ! மக்கள் கரையைவிட்டு விலகி உயிர் பிழைத்தனர்.

ஈர்ப்பு என்பது பயனரைத் திரையோடு பிணித்து வைப்பதன்று. அவர் நாடி வந்ததை நிறைவேற்றித் தருவது. அந்நம்பிக்கையே அவரை மீண்டும் அழைத்து வரும். வண்ணமும் அசைவும் அதற்குத் துணை நிற்பன மட்டுமே.

கற்பவை கற்றபின்

நும் ஊரார் அடிக்கடி பயன்படுத்தும் ஓர் இணையதளத்தைத் தேர்ந்தெடுக்க. முதியவர் ஒருவர் அதனைப் பயன்படுத்துகையில் தடுமாறும் இடங்களை உற்றுநோக்கி, வேண்டிய மாற்றங்களை எழுதுக.