கரை மேல் ஒரு பாதை

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பா எழுதுவது. பிரான்சின் மிடி கால்வாய் ஓரமாகச் சைக்கிளில் போகிறவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, “கார், லாரி இல்லாத இப்படி ஒரு மண்பாதை நம்ம பக்கம் எங்கயாவது இருக்கா?” என்று கேட்டிருந்தாய். இருக்கிறது தாயி. பரளச்சியில் உன் வீட்டிலிருந்து மிதிக்கிற தூரத்திலேயே இருக்கிறது. நீ தினமும் பார்க்கிற இடம் என்பதால் அது உன் கண்ணுக்குப் பாதையாகத் தெரியவில்லை.

முதலில் அந்தக் கால்வாயின் கதையைக் கேள். 1666-இல் தொடங்கி 1681-இல் வெட்டி முடித்தார்கள். பியர்-பால் ரிக்கே என்பவரின் திட்டம். துலூஸ் நகரிலிருந்து மத்தியதரைக் கடலோரம் வரை 240 கிலோமீட்டர். படகுகளுக்குக் கயிறு கட்டிக் கரையில் நடந்தபடி குதிரைகள் இழுத்தன. அந்தக் குதிரைகள் நடந்த தடத்தில்தான் இன்று சைக்கிள் ஓடுகிறது, இருபுறமும் திராட்சைத் தோட்டங்கள். ஸ்பெயினில் 1993 முதல், ரயில் நின்றுபோன பழைய தடங்களைச் சைக்கிள் பாதையாக்கி வருகிறார்கள். 3,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. இந்தப் பாதைகள் எவையும் சைக்கிளுக்காகப் பிறந்தவை அல்ல என்பதைக் கவனி. வேறு ஏதோ வேலைக்காக மனிதர்கள் போட்ட தடங்கள். ஓர் ஊரில் அந்த வேலை என்னவென்று தெரிந்தால் பாதையும் கிடைத்துவிடும். நம் சீமையில் அந்த வேலை தண்ணீரைத் தேக்குவது.

ஆகவே தண்ணீரைப் பின்தொடர். ஒரு கண்மாய்க் கரையில் ஏறு. கரை நெடுக மேடு பள்ளமில்லாமல் போகும். பனையும் வேம்பும் நிழல் தரும். கரை முடிகிற பக்கம் கலுங்கு இருக்கும். கண்மாய் பெருகினால் மறுகால் பாய்வது அதன் வழியாகத்தான். மறுகால் தண்ணீர் ஓடையில் இறங்கி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஓடையை ஒட்டினாற்போல் பெரும்பாலும் ஒரு வண்டிப்பாதை இருக்கும். அதைப் பிடித்தால் அடுத்த கரை வந்துவிடும். நம் முன்னோர் கண்மாய்களைத் தனித்தனியாக வெட்டவில்லை, ஒன்றின் மிச்சம் மற்றொன்றுக்குப் போய்ச் சேரும்படி கோத்து வைத்தார்கள். அந்தக் கோவைதான் உனக்கு வழிகாட்டி. தார்ச்சாலையைக் குறுக்கே தாண்ட வேண்டியிருக்குமே தவிர, அதில் நெடுந்தூரம் ஓட்ட வேண்டியிருக்காது.

கிளம்புவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடம் கிராம வரைபடத்தைக் கேட்டுப் பார். கண்மாய், ஓடை, வண்டிப்பாதை எல்லாம் அதில் சர்வே எண்ணோடு இருக்கும். புறம்போக்கு என்று பதிவாகியிருக்கும் பாதையில் யார் வேண்டுமானாலும் போகலாம். பட்டா நிலத்து வரப்பென்றால் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போ. செல்போன் வரைபடத்தில் தெரியாத வண்டிப்பாதைகள் அந்தப் பழைய தாளில் தெரியும். சில பாதைகளைச் சீமைக்கருவேலம் மூடியிருக்கும், சிலவற்றை உழுது வயலோடு சேர்த்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு வலிக்கும். ஆள் நடமாட்டம் நின்றுபோனதால் போன பாதைகள் அவை. நாலு பேர் மறுபடி போய்வரத் தொடங்கினால் பாதை பிழைத்துக்கொள்ளும்.

இனி மண்ணைப் பற்றி. இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள். கரிசல் மண்ணில் இருக்கும் களி, தண்ணீர் பட்டால் ஊதும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மழை பெய்த மறுநாள் கரிசலில் சைக்கிளை இறக்கினால், பத்துச் சுற்றில் டயரைச் சுற்றி மண் அப்பி, மட்கார்டுக்குள் இறுகிச் சக்கரம் நின்றுவிடும். அப்புறம் சைக்கிளை நீ தூக்கிக்கொண்டு வர வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் செவல் பாதையிலும் கிராவல் அடித்த பாதையிலும் மட்டும் ஓட்டு. தண்ணீர் அவற்றில் சீக்கிரம் வடிந்துவிடும். நன்றாகக் காய்ந்த கரிசலோ சிமெண்டுத் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். அப்போது வண்டித்தடத்துக்குள் சக்கரம் மாட்டிக்கொள்ளாமல் நடு மேட்டில் ஓட்டு. பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் இடத்தில் வெடிப்பைக் குறுக்காகத் தாண்டு, அதன் போக்கிலேயே ஓட்டாதே. தை முதல் பங்குனி வரைதான் நமக்குக் காலம். மல்லி பூத்திருக்கும், பருத்தி வெடித்திருக்கும், களத்தில் வத்தல் காயும், கண்மாயிலும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். சித்திரை வந்தால் காலை எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடு.

ஈரக்கரையில் ஏறவே கூடாது என்பதற்கு உன் சைக்கிளைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஈரமண்ணில் சக்கரம் பதிந்த கோட்டில் அடுத்த மழைத்தண்ணீர் இறங்கும், அந்தக் கோடு வாய்க்காலாகும், கரை அறுபடும். கண்மாய் நிரம்பியிருக்கும் நேரத்தில் கரை பலவீனப்பட்டால் உடைப்பெடுத்து ஆயக்கட்டு வயல் முழுவதையும் வெள்ளம் அடித்துப் போகும். கரையில் ஓட்டுகிறவள் கரைக்கும் பொறுப்பு. எலிவளையோ கசிவோ கண்ணில் பட்டால் ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. வழியில் வேலிப் படலைத் திறந்தால் மறக்காமல் மூடு.

உன் சைக்கிளைப் பற்றிக் குறைப்பட்டிருந்தாய். பள்ளியில் அரசு கொடுத்த சைக்கிளே போதும். மேல்நாட்டில் மண்பாதைக்கென்றே விற்கும் சைக்கிள்களின் டயர் பெரும்பாலும் 40 மில்லிமீட்டர் அளவில் அகலம் இருக்கும். நம் ஊர்ச் சைக்கிளும் குறைந்ததல்ல. உன் தாத்தாவின் பழைய கறுப்புச் சைக்கிளின் டயர் ஒன்றரை அங்குலம், அதாவது 38 மில்லிமீட்டர். பெரிய வித்தியாசமில்லை. தார்ச்சாலைக்கு அடிப்பதைவிடக் காற்றைச் சற்றுக் குறைத்துக்கொள். கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்ளே போக வேண்டும். ரொம்பவும் குறைத்தால் கல்லில் ஏறும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கிக் கிழியும்.

நமக்கு உண்மையான எதிரி முள். சீமைக்கருவேல முள் புது டயரையும் துளைக்கும், நெருஞ்சி வேறு. பழைய டியூப் ஒன்றை நீளவாக்கில் வெட்டி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே உள்பட்டையாகப் போடச் சொல். பஞ்சர் குறையும். பம்ப், ஒட்டு, சொல்யூஷன், டயரை நெம்ப இரண்டு லீவர் எப்போதும் பையில் இருக்கட்டும். ஒட்டுப் போட்ட பிறகு டயரின் உட்புறத்தைத் துணியால் துழாவிப் பார். முறிந்த முள்முனை உள்ளேயே இருந்தால் ஒட்டினது வீண். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துப் போ. நம் பக்கத்துக் கிணறுகளில் பல உப்பு. வழியில் நம்பிக் குடிக்க முடியாது.

பாதையோரக் கிணறுகள் சிலவற்றுக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பொழுது சாய்ந்த பிறகு தெரியாத பாதையில் போகாதே என்று நான் சொல்வது அதனால்தான். கிடை நாய்கள் குரைத்தால் இறங்கி, சைக்கிளை உனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து நட. ஓடினால் துரத்தும். தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொள், எந்தக் கரை வழியாகப் போகிறாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போ. பெண்பிள்ளைக்கு ஏன் இந்தச் சுற்றல் என்று யாராவது கேட்டால், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் நடந்ததைச் சொல். ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் எழுத்தோடு சைக்கிளும் கற்றார்கள், குவாரித் தொழிலாளிகள் உட்பட. அடுத்தவர் கொண்டுபோய் விடுவதற்காகக் காத்திருந்த நிலை அவர்களுக்குப் போயிற்று. எனக்கு அது நம் மாநிலத்தில் நடந்த மிகப் பெரிய காரியங்களில் ஒன்று.

கால் பழகியதும் தூரத்தைக் கூட்டலாம். வடக்கே திருச்சுழியில் குண்டாற்றங்கரைக்குப் போ. ரமணர் 1879-இல் பிறந்த ஊர் அது. கிழக்கே முதுகுளத்தூர்ப் பக்கம் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள். இரண்டுமே கண்மாய்கள்தான். உள்வாயில் நிற்கும் கருவேல மரங்களில் நாரை இனங்கள் கூடு கட்டும். 2022-இல் இரண்டும் ராம்சர் என்னும் சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கரையோடு நின்றுவிடு. மணியடிப்பது, பாட்டுப் போடுவது எதுவும் வேண்டாம். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய்க்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள், ஏறத்தாழ 262 கிலோமீட்டர் நீளம். அது குண்டாறு வரை வந்து சேரும்போது பராமரிப்புக்கென்று கரையில் போடும் சாலையை நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் திறந்துவிட வேண்டும். உன் வயதுப் பிள்ளைகள் இதை இப்போதிருந்தே கிராமசபையில் கேட்கலாம்.

ஆறு, திராட்சை, காடு மூன்றும் ஒன்றாக வேண்டுமென்றால் கம்பம் பள்ளத்தாக்குக்கு வா. 1895-இல் பெரியாறு அணை திறந்த பிறகு மலைக்கு அந்தப்பக்கத்துத் தண்ணீர் சுரங்கம் வழியாக இந்தப்பக்கம் வந்து வளமாக்கிய பூமி. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து செய்யும் மாதத்தை மாற்றிக்கொள்வதால் அங்கே வருஷம் முழுக்கப் பழம் உண்டு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் பந்தல்களுக்கு நடுவே போகும் தோட்டப்பாதைகளில் ஓட்டலாம், தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு. மருந்தடிக்கும் நேரமென்றால் அந்தத் தோட்டத்துப் பக்கமே போகாதே. பாதை காட்டுக்குள் நுழைகிற இடத்தோடு திரும்பிவிட வேண்டும். 2021 முதல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம். யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் அடி உள்ளே வைக்கக் கூடாது.

அதற்கெல்லாம் அவசரமில்லை. இந்த வாரம் கிராம வரைபடத்தின் நகல் ஒன்றை எடுத்து, உங்கள் ஊர்க் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறதென்று பென்சிலால் கோடு போட்டு வை. விளங்காத இடத்தை மடைத் தண்ணீர் பாய்ச்சும் பெரியவர்களிடம் கேள், அவர்களுக்கு வாய்க்கால் ஒவ்வொன்றும் அத்துபடி. பொங்கலுக்கு நான் வருகிறேன். உள்பட்டையை நாமே வெட்டிப் போடலாம்.

அன்புடன்,
பெரியப்பா