பேட்டரி மாற்றியபின் தடுமாறும் என்ஜின்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காரில் பழைய பேட்டரியைக் கழற்றிப் புதியதைப் பொருத்திய அன்றே, சிக்னலில் நிற்கும்போது என்ஜின் நடுங்கினாலோ ஏசியைப் போட்டவுடன் அணைந்துபோனாலோ, புதிய பேட்டரி தரமற்றது என்று முடிவுகட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. கார்புரேட்டர் பொருத்திய அம்பாசிடர், பத்மினி போன்ற வண்டிகளில், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் தானாக ஓடும் வேகமாகிய ஐடிலிங்கைப் பேட்டரி மாற்றம் பாதித்ததில்லை. ஆகவே அவற்றில் பழகியவர்கள், பேட்டரியைக் கழற்றுவதே ஐடிலிங்கை மாற்றக்கூடும் என்று எண்ணாமல், கோளாறு நேர்ந்த நாளை வைத்துப் பேட்டரியின் மேலேயே பழியைப் போடுகின்றனர்.

மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்றைய கார்களின் நிலை வேறு. அவற்றில் என்ஜினை ஆளும் ஈசியு என்னும் சிறு கணினி, அந்தந்த வண்டியின் தேய்மானத்துக்கும் அழுக்குக்கும் ஏற்பத் தன் கணக்குகளை ஓயாமல் திருத்திக்கொண்டே வருகிறது. பல மாடல்களில் இத்திருத்தங்கள், வண்டி அணைந்திருக்கும்போதும் பேட்டரியிலிருந்து கசியும் சிறு மின்னோட்டத்தை நம்பியிருக்கும் நினைவகத்தில் பதிவாகின்றன. டெர்மினலைக் கழற்றியதும் அவை அழிந்து, தொழிற்சாலையில் எழுதப்பட்ட தொடக்க அளவுகளே எஞ்சுகின்றன.

இதன் விளைவு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் த்ராட்டில் பாடி. என்ஜினுக்குள் செல்லும் காற்றை அளந்துவிடும் இக்குழாயினுள், மின்மோட்டாரால் திரும்பும் வட்டத் தகடு ஒன்று உண்டு. ஐடிலிங்கின்போது அது ஏறத்தாழ மூடியே இருக்க, விளிம்பைச் சுற்றியுள்ள மயிரிழை இடைவெளியில் நுழையும் காற்றே என்ஜினை ஓடவைக்கிறது. என்ஜின் ஆயில் தங்கும் அடிப்பகுதியாகிய கிராங்க்கேஸிலிருந்து திருப்பி அனுப்பப்படும் ஆயில் ஆவி அந்த விளிம்பில் படிந்து, ஆண்டுக்கணக்கில் கருவளையமாக இறுகி, இடைவெளியைக் குறுக்குகிறது. கணினியோ அதற்கேற்பத் தகட்டை இம்மி இம்மியாகக் கூடுதலாகத் திறந்து, வேகத்தை நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று என்ற அளவில் காத்துவருவதால் ஓட்டுநருக்கு எதுவும் புலப்படுவதில்லை. நினைவு அழிந்ததும் தகடு புது வண்டிக்குரிய அளவுக்கே திறக்கிறது. கரி அடைத்த விளிம்புக்கு அது போதாமல் என்ஜின் திணறுகிறது. கோளாறு பேட்டரி வருமுன்பே வண்டியில் இருந்தது. அதை ஈடுகட்டிவந்த கணக்கு மட்டுமே இப்போது தொலைந்தது.

எனவே பேட்டரியைத் திருப்பிக் கொடுப்பதாலோ, ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் பம்பையும் மாற்றுவதாலோ இது தீராது. த்ராட்டில் பாடியை அதற்குரிய கிளீனரால் துடைத்து, ஏசி, விளக்குகள் முதலான சுமைகளை நிறுத்திவிட்டு, ரேடியேட்டர் விசிறி ஒருமுறை ஓடி நிற்கும்வரை என்ஜினை ஐடிலிங்கிலேயே சூடேறவிட்டு, பின்னர் ஏசியுடனும் சிறிது நேரம் ஓடவிட்டால் பல கார்கள் தாமாகவே மீண்டும் கற்றுக்கொள்கின்றன. சில கார்களுக்கு ஸ்கேனர் கருவியின் துணை வேண்டும். வண்டியின் கையேடு சொல்லும் முறையே இதில் இறுதியானது. சில நாள் ஓட்டியும் நடுக்கம் நீங்காமல், பெட்ரோல் அளவில் கணினி செய்யும் நீண்டகாலத் திருத்தம் 10 சதவீதத்தைத் தாண்டுவதாக ஸ்கேனர் காட்டினால், விரிசல் விட்ட வேக்குவம் ஹோஸ் போன்ற காற்றுக்கசிவைத் தேடுவதே முறை.

இந்த நினைவழிப்பையே மருந்தாக எண்ணும் நம்பிக்கை இன்னும் கவலைக்குரியது. செக் என்ஜின் விளக்கு எரிந்தால் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றி மாட்டினால் போதும் என்பர். இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமான ஓபிடி-2 என்னும் தற்கண்காணிப்பு முறை, பழுதின் குறியீட்டுடன் அது நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பநிலை போன்ற விவரங்களையும் பதிந்துவைக்கிறது. டெர்மினலைக் கழற்றினால் மெக்கானிக்குக் கிடைத்திருக்கவேண்டிய அந்தச் சான்றும் விளக்குடன் சேர்ந்து அழிய, பழுது மட்டும் அப்படியே தொடர்கிறது. அது சிலிண்டர் சரியாக எரியாத மிஸ்ஃபயராக இருப்பின், எரியாத பெட்ரோல் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடேற்றி உருக்கிவிடக்கூடும்.

பேட்டரி மாற்றியபின் ஸ்டார்ட்டே ஆகாத வண்டியைப் பார்த்து, திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை மறந்துவிட்டது என்பதும் பொதுவாகத் தவறு. சாவியின் அடையாளம் மின்சாரமின்றியும் நிலைக்கும் நினைவகத்தில் உள்ளது. முதலில் பார்க்கவேண்டியது டெர்மினல்களைத்தான். பேட்டரியின்மேல் அச்சிட்டுள்ள 38B20L போன்ற குறியீட்டில் 20 என்பது சென்டிமீட்டரில் பேட்டரியின் தோராயமான நீளம். கடைசி எழுத்து, பாசிட்டிவ் முனை எந்தப் பக்கம் உள்ளது என்பதைச் சொல்கிறது. L இருக்கவேண்டிய இடத்தில் R வாங்கினால் கேபிளை இழுத்துப் பிடித்து மாட்டவேண்டி வருகிறது; முனை மெல்லியதாக இருந்தால் கிளாம்புக்குள் தகரத் துண்டைச் செருகி ஒப்பேற்றுகின்றனர். இப்படிப்பட்ட இணைப்பு விளக்கை எரியவைக்கும், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு வேண்டிய பெரும் மின்னோட்டத்தைத் தாங்காது. ஸ்டார்ட் செய்யும்போது முனைக்கும் கிளாம்புக்கும் இடையே மல்ட்டிமீட்டர் அரை வோல்ட் காட்டினாலே அந்த இணைப்பு பழுது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, என்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி ஆல்ட்டர்னேட்டரைச் சோதிக்கும் பழக்கம். பேட்டரியை மின்னேற்றும் அக்கருவியிலிருந்து பேட்டரி திடீரென விலகினால், மின்னழுத்தம் ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் பல மடங்கு எகிறி, ஈசியு உள்ளிட்ட மின்னணுப் பெட்டிகளைப் பொசுக்கிவிடக்கூடும். இச்சோதனைக்கு மல்ட்டிமீட்டரே போதும்: என்ஜின் அணைந்து சில மணி நேரம் கழிந்தபின் முழுமையாக மின்னேறிய பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் வரையிலும் காட்டவேண்டும். எரிபொருள் சிக்கனத்துக்காக ஆல்ட்டர்னேட்டரின் மின்னழுத்தத்தைக் கணினியே ஏற்றி இறக்கும் புதிய கார்களில் எண் இடையிடையே இதற்குக் கீழும் இறங்கும் என்பதால், முகப்பு விளக்குகளைப் போட்டும் அணைத்தும் சில நிமிடங்கள் பார்த்த பிறகே ஆல்ட்டர்னேட்டரைப் பற்றி முடிவு செய்யவேண்டும்.